கடைக்கு சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி உங்க சிக்கலான பில்ல எல்லாம் எடுத்து மேசைல வைங்க

கடலூர்லயும் பாண்டியிலயும் கடை, மண்டி, லாட்ஜ் நடத்தறவங்க பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கற விதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. பக்கத்து கடைக்காரர் ஒண்ணு வச்சிருப்பாரு, "நல்லாதான் ஓடுது, நீயும் போட்டுக்கோ"ன்னு சொல்வாரு, மறுநாள் டீலர் லேப்டாப்ப தூக்கிட்டு வந்து இருபது நிமிஷம் டெமோ காட்டுவாரு, அதுல பார்ட்டி பேரு ஏபிசி டிரேடர்ஸ், சரக்கு பேரு ஐட்டம் ஒண்ணு, ரேட்டு நூறு ரூபா, தட்டுனதும் பில்லு வந்து விழும், முதலாளிக்கு சந்தோஷம், அட்வான்ஸ் கைமாறிடும். ஏபிசி டிரேடர்ஸுக்கு நூறு ரூபா பில்லு எந்த சாஃப்ட்வேர்லயும் வரும்ங்க. உங்க கடைல மாசத்துக்கு நாலு பில்லு இடிக்குமே, அத போட்டுக் காட்ட சொல்லுங்க, அதுல தெரிஞ்சிடும்.

நான் கணக்கு வேலைல இருக்கேன், ரெண்டு பக்கமும் கடைங்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறேன். மாசா மாசம் 11ஆம் தேதி விற்பனைக் கணக்கு காட்டற ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டற ஜிஎஸ்டிஆர்-3பி, இந்த ரெண்டு தேதி நெருங்கும்போதுதான் எந்தக் கடைல சரியான சாஃப்ட்வேர் இருக்கு, எந்தக் கடைல முதலாளிய ஏமாத்தி தலைல கட்டிட்டு போயிருக்காங்கன்னு எனக்கு தெளிவா தெரியும். பாவம், ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து எக்ஸெல்ல கையால திருத்திட்டு இருக்கற பொண்ணுங்கள பாத்தா மனசு கஷ்டமா இருக்கும், அதனாலதான் இத இவ்ளோ விரிவா எழுதறேன்.

டேலி நல்லதா, பிஸி நல்லதா, ஸோஹோ புக்ஸா, வியாபார் ஆப்பான்னு எனக்கு மெசேஜ் வந்துட்டே இருக்கு. பேர வச்சு என்னால பதில் சொல்ல முடியாது, உங்க பில்ல பாத்தாதான் சொல்ல முடியும்.

முதல் வேலை, ஒரு ஃபைல்

டீலருக்கு போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் கல்லா பக்கத்துல ஒரு காலி ஃபைல் வைங்க. எந்த பில்லு போடும்போது கேஷியர் தயங்குறாங்களோ, யாரையாவது கூப்பிட்டு கேக்கறாங்களோ, பில்லு போட்டுட்டு மேல பேனால எழுதறாங்களோ, அந்த பில்லுக்கெல்லாம் ஒரு ஜெராக்ஸ் அதுல போகணும். கொள்முதல் சீட்டும்தான், ரிட்டர்ன் வந்த சரக்கும்தான், பாதி பணம் ரொக்கம் பாதி ஜிபே மீதி கடன்னு போன பில்லும்தான். மாசக் கடைசில பத்து பதினஞ்சு சேந்துடும். உங்களுக்கு என்ன சாஃப்ட்வேர் வேணும்ங்கறது அந்த ஃபைல்லயே இருக்கு, தனியா உக்காந்து தேவை பட்டியல்னு ஒண்ணு யோசிச்சு எழுத வேணாம், அப்படி யோசிச்சு எழுதுனா ஆண்ட்ராய்டு ஆப் வேணும், டேஷ்போர்டு வேணும்னு ஆசப்பட்டதெல்லாம் வந்து சேரும், தேவையானது விட்டுப்போகும்.

நம்ம ஊரு எல்லை, இத மட்டும் விட்டுடாதீங்க

வேற ஊர்க்காரங்களுக்கு இந்த தலைவலி இவ்ளோ கிடையாது. மஞ்சக்குப்பத்துல இருந்து லோடு ஆட்டோல சரக்க ஏத்தி ரெட்டிச்சாவடி தாண்டி பாண்டி எல்லைல இருக்கற முள்ளோடைக்குள்ள நுழைஞ்சா மாநிலமே மாறிடுது, பாண்டி டவுன் வரைக்கும் போனாலும் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். ஜிஎஸ்டி நம்பர்ல முதல் ரெண்டு எண் தமிழ்நாட்டுக்கு 33, பாண்டிக்கு 34. அதனால கடலூர் கடை பாண்டி கடைக்கு சரக்கு அனுப்புனா மாநிலம் தாண்டற விற்பனைக்கான ஐஜிஎஸ்டி, சிதம்பரத்துக்கு அனுப்புனா மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டின்னு பாதி பாதி. பார்ட்டியோட ஜிஎஸ்டி நம்பர அடிச்ச உடனே சாஃப்ட்வேரே முதல் ரெண்டு எண்ண பாத்து தானா மாத்திக்கணும், பில்லு போடறவங்க ஞாபகம் வச்சு ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்கற மாதிரி இருந்தா அத வாங்காதீங்க, தீபாவளி கூட்டத்துல யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சரக்கு வண்டியோட போக வேண்டிய இ-வே பில்லும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்குள்ளயே போற சரக்குக்கு 1 லட்சம் ரூபா தாண்டுனாதான் இ-வே பில்லு, மாநிலம் தாண்டுனா 50,000 தாண்டுனாலே வேணும். அப்போ 60,000 ரூபா சரக்கு கடலூர்ல இருந்து விழுப்புரம் போனா தேவையில்ல, அதே சரக்கு பாண்டி அரியாங்குப்பம் போனா தேவை. டெமோல இந்த ரெண்டு பில்லையும் அடுத்தடுத்து போட சொல்லுங்க. ரெண்டாவது பில்லுக்கு சாஃப்ட்வேர் "இ-வே பில்லு போடணும்"னு நிறுத்தி சொல்லுதா, இல்ல ரெண்டுக்கும் ஒரே மாதிரி சும்மா இருக்குதா பாருங்க. லிமிட்ட மாநிலவாரியா மாத்தி வைக்க இடம் இருந்தா போதும், சில சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு லிமிட்தான் வைக்க முடியும்.

இன்னொரு பில்லு இருக்கு, டீலர்ங்கள தடுமாற வைக்கறது. பாண்டி பார்ட்டி ஆர்டர் குடுக்கறாரு, பில்லு அவர் பேர்ல, ஆனா "சரக்க விழுப்புரத்துல என் கஸ்டமர் குடோன்ல இறக்கிடுங்க"ன்றாரு. சரக்கு தமிழ்நாட்ட விட்டே போகல, ஆனா வாங்குனவரு பாண்டின்றதால ஐஜிஎஸ்டிதான் வரும். பில்லு அட்ரஸ், டெலிவரி அட்ரஸ் ரெண்டும் தனித்தனியா இருந்து, வரி பில்லு அட்ரஸ வச்சு கணக்காகுதான்னு பாக்கணும். பாண்டில இருந்து காரைக்காலுக்கு அனுப்பறவங்களுக்கு இதுக்கு நேர் எதிர், வண்டி நம்ம கடலூர், சிதம்பரம், சீர்காழின்னு தமிழ்நாட்டு வழியாவே போனாலும் ரெண்டு ஊரும் 34தான், அதனால சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டிதான் வரணும்.

ரெண்டு ஊர்லயும் கிளை வச்சிருக்கறவங்க கொஞ்சம் கூடுதலா கவனிங்க. பான் நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஜிஎஸ்டி நம்பர் ரெண்டு, சட்டப்படி ரெண்டும் தனித்தனி ஆளு. கடலூர் கடைல இருந்து உங்க சொந்த பாண்டி கடைக்கு பத்து மிக்ஸி அனுப்புனாலும் வரியோட பில்லு போடணும். இத "குடோன் மாத்தறது"ன்னு ஸ்டாக் டிரான்ஸ்பர்ல போட்டு முடிக்கற சாஃப்ட்வேர் உங்களுக்கு ஆகாது. கூடவே இன்னொண்ணு கேளுங்க, ரெண்டு ஜிஎஸ்டி நம்பர ஒரே லைசென்ஸ்ல வைக்கலாமா, இல்ல ரெண்டு லைசென்ஸ் வாங்கணுமான்னு. இத கேக்காம வாங்குனா விலை ரெட்டிப்பாயிடும்.

தொழிலுக்கு தொழில் மாறும்

பண்ருட்டி பக்கம் முந்திரி மண்டி ஒண்ணுல நடந்த டெமோவ சொல்றேன், அங்க நானும் உக்காந்திருந்தேன். டீலர் தம்பி சுறுசுறுப்பான பையன், கிராஃபெல்லாம் காட்டுனான், கலர் கலரா இருந்துச்சு. முதலாளி தலையாட்டிட்டே இருந்தாரு. கணக்கு பாக்கற அக்கா எதுவும் பேசல, எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு கொள்முதல் சீட்ட எடுத்து கீபோர்டு மேல வச்சாங்க. விவசாயிகிட்ட நேரா வாங்குன முந்திரிக்கொட்ட, 80 கிலோ மூட்ட.

"தம்பி இத போடுப்பா."

"கொள்முதல்தானே அக்கா, இதோ" ன்னு போட்டான்.

"ஆர்சிஎம் எங்கப்பா?"

விவசாயிகிட்ட இருந்து உடைக்காத முந்திரிக்கொட்ட வாங்குனா வரிய வாங்கறவங்கதான் கட்டணும், இந்த ரிவர்ஸ் சார்ஜதான் ஆர்சிஎம்னு சொல்றது, அதுக்கு நம்மளே நமக்கு ஒரு பில்லு போட்டுக்கணும். தம்பி கொஞ்ச நேரம் தேடுனான். "ஜர்னல் என்ட்ரில மேனுவலா போட்டுக்கலாம் அக்கா"ன்னான். "சீசன்ல ஒரு நாளைக்கு அம்பது சீட்டு வரும்பா, அம்பதையும் மேனுவலா போட சொல்றியா, அந்த செல்ஃப் இன்வாய்ஸுக்கு நம்பர் தானா வருமா"ன்னு கேட்டாங்க. அவன் எழுந்து வெளிய போய் ஆபீஸுக்கு போன் போட்டான். திரும்பி வந்து "அடுத்த அப்டேட்ல வரும்"னான். முதலாளி அப்பதான் அக்காவ திரும்பிப் பாத்தாரு. அன்னிக்கு வாங்கல.

"அடுத்த அப்டேட்ல வரும்"னு எது சொன்னாலும் அது இப்ப இல்லன்னு மட்டும் எடுத்துக்கங்க. இருக்கறதுக்கு மட்டும் காசு குடுங்க.

பாண்டில பார் வச்ச ரெஸ்டாரன்ட்டா? ஒரே டேபிள்ல மீன் வறுவலும் பீரும் போகுது. சாப்பாட்டுக்கு 5% ஜிஎஸ்டி, மதுபானம் ஜிஎஸ்டிக்குள்ளயே வராது, அதுக்கு வேற வரி. ஒரே பில்லா கஸ்டமர் கைக்கு போகணும், உள்ள கணக்குல ரெண்டும் பிரிஞ்சு நிக்கணும், பில்லுல டிஸ்கவுன்ட் குடுத்தா அதுவும் ரெண்டுக்கும் ஒழுங்கா பிரியணும். டிஸ்கவுன்ட் போட்ட பில்ல கண்டிப்பா டெமோல போட்டுப் பாருங்க, நிறைய இடத்துல அங்கதான் உடையுது.

லாட்ஜ், கெஸ்ட் ஹவுஸ்காரங்களுக்கு ரூம் வாடகை. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் 5%, அதுக்கு மேல போனா 18%. நம்ம ஊர்ல செவ்வாக்கிழமை 6,000க்கு போற ரூம் நியூ இயர் ராத்திரி 8,500க்கு போகும், ரூம் அதேதான், வரி வேற. மூணு நாள் தங்கற ஒரே ஆளுக்கு ரெண்டு நாள் 5%, ஒரு நாள் 18%ன்னு ஒரே பில்லுல வருதான்னு பாருங்க. ரூமுக்கு ஒரு வரின்னு ஃபிக்ஸ் பண்ணி வைக்கற சாஃப்ட்வேர்ல வராது.

மெடிக்கல் ஷாப்னா பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாரும் காட்டுவாங்க. நீங்க கேக்க வேண்டியது, பத்து மாத்திர ஸ்ட்ரிப்ல நாலு மாத்திர வெட்டிக் குடுத்தா இருப்பு சரியா நிக்குதா, பத்துக்கு ஒண்ணு ஃப்ரீ வந்தா அடக்க விலை சரியா இறங்குதா, ஷெட்யூல் எச்1 மருந்துக்கு (டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத, தனியா பதிவு வைக்க வேண்டிய மருந்துங்க) டாக்டர் பேரு, பேஷன்ட் பேரு கேட்டு வாங்கி தனி ரெஜிஸ்டரா எடுக்க முடியுதா, ஏன்னா அந்த ரெஜிஸ்டர் மூணு வருஷம் வச்சிருக்கணும்.

மளிகைக்காரங்க தமிழ்ல பில்லு கேப்பாங்க, நியாயம்தான், வாங்கற பாட்டிக்கு படிக்கத் தெரியணும்ல. ஸ்க்ரீன்ல தமிழ் அழகா தெரியும், ரெண்டு இன்ச் தெர்மல் பிரிண்டர்ல அடிச்சா கொத்தமல்லில கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு வரும், இல்லன்னா ஒவ்வொரு வரியும் நின்னு நின்னு அடிக்கும். உங்க பிரிண்டர்லயே, நாப்பது ஐட்டம் உள்ள மாசாந்திர சாமான் பில்ல அடிச்சுப் பாருங்க.

பொதுவா எல்லாருக்கும் ரெண்டு விஷயம். டர்ன்ஓவர் 5 கோடி தாண்டுனவங்களுக்கு கம்பெனிக்கு கம்பெனி விக்கற பில்லுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்ல அரசு போர்ட்டல்ல பதிவு பண்றது, கட்டாயம், 2023 ஆகஸ்ட் 1ல இருந்து. இப்ப மூணு நாலு கோடில இருக்கறவங்களும் இத பாத்தே வாங்குங்க, ரெண்டு வருஷத்துல தாண்டிடுவீங்க. அடுத்தது, பிரைவேட் லிமிடெட்டா இருந்தா யார் எந்த என்ட்ரிய எப்ப மாத்துனாங்கன்னு பதிவாகற எடிட் லாக் இருக்கணும், அத நிறுத்த முடியாதபடி இருக்கணும், 2023 ஏப்ரல் 1ல இருந்து கம்பெனி சட்டத்துல இது கட்டாயம். "வேணும்னா ஆஃப் பண்ணிக்கலாம் சார்"னு டீலர் பெருமையா சொன்னா அந்த இடத்துலயே வேணாம்னுடுங்க.

கீபோர்ட யார் கைல குடுக்கறது

டெமோல டீலர் கை வேகமா ஓடும், ஷார்ட்கட் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அரை மணி நேரம் கழிச்சு கீபோர்ட உங்க கேஷியர்கிட்ட குடுங்க, டீலர் பக்கத்துல உக்காந்து வாயால மட்டும் சொல்லட்டும். ஃபைல்ல இருந்து அஞ்சு பில்லு. முதல் பில்லுக்கும் அஞ்சாவது பில்லுக்கும் வேகம் கூடுதான்னு பாருங்க. மவுஸ் இல்லாம முடியுதா, தப்பா போட்ட ஐட்டத்த பில்லு நடுவுல எடுக்க முடியுதா, கஸ்டமர் "இருங்க அரிசியும் வாங்கிட்டு வரேன்"னு போனா அந்த பில்ல ஓரமா நிறுத்திட்டு அடுத்தவங்களுக்கு போட முடியுதா. அவங்க "வேணாம் அண்ணே, இது சுத்துது"ன்னா கேளுங்க. தினம் பத்து மணி நேரம் அதோட இருக்கப் போறது அவங்கதான், அந்த ஒரு வார்த்தைக்கு உங்க கருத்த விட, என் கருத்த விட மதிப்பு அதிகம்.

பெரும்பாலான சாஃப்ட்வேர்ல ட்ரயல் இருக்கு. டெமோ பிடிச்சிருந்தா ட்ரயல் போட்டு பதினஞ்சு நாள் நிஜ பில்லோட சேர்த்து ஓட்டுங்க. அட்வான்ஸ் குடுத்தாதான் ட்ரயல்னு சொல்றவங்கள விட்டுடுங்க.

விலை

சொல்ற விலை ஒண்ணு, மூணு வருஷத்துல போற காசு வேற. கணக்கு புரியறதுக்காக நானா ரெண்டு எண்ண போடறேன். ஒருத்தர் 15,000 ஒரே தடவைன்றாரு. ரெண்டாவது வருஷத்துல இருந்து ஏஎம்சின்ற பராமரிப்பு கட்டணம் வருஷத்துக்கு 4,000, ரெண்டாவது கவுன்ட்டருக்கு 6,000, நேர்ல வந்து சொல்லிக் குடுக்க தடவைக்கு 1,000ன்னு நாலு தடவ, உங்க பில்லு டிசைனுக்கு 2,500. மூணு வருஷத்துக்கு 35,500, அதுமேல 18% ஜிஎஸ்டி சேத்தா 41,890. இன்னொருத்தர் மாசம் 900, ரெண்டு கவுன்ட்டரும் அதுலயே அடக்கம்ன்றாரு, 36 மாசத்துக்கு 32,400, வரியோட 38,232. கேக்கும்போது முதல்ல சொன்னதுதான் மலிவா தெரியும். அந்த 18% உங்களுக்கு இன்புட் கிரெடிட்ல, அதாவது நீங்க கட்ட வேண்டிய வரில கழிஞ்சு, திரும்ப வருமான்றதும் பாருங்க, காம்போசிஷன்ன்ற சின்ன கடைங்களுக்கான சுலப வரித் திட்டத்துல இருக்கறவங்களுக்கும் 5% போடற ரெஸ்டாரன்ட்டுக்கும் வராது, அது முழுக்க செலவுதான்.

மாச வாடகைன்னா அடுத்த வருஷம் எவ்ளோ ஏத்துவாங்கன்றத எழுத்துல கேளுங்க. வாட்ஸ்ஆப்ல வந்தாலும் சரி, வாய் வார்த்தை வேணாம்.

புயலும் கரென்ட்டும்

2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுலதான் கரைய கடந்துச்சு, நாள்கணக்கா கரென்ட் இல்லாம இருந்தத நம்ம ஊர்ல யாரும் மறக்கல. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல்ல பாண்டி தெருவெல்லாம் தண்ணி. கம்ப்யூட்டர்லயே டேட்டா இருக்கற சாஃப்ட்வேர்னா சிபியு டேபிளுக்கு கீழ தரையில இருக்கும், தண்ணி முதல்ல அதத்தான் தொடும். முழுக்க ஆன்லைன் சாஃப்ட்வேர்னா டேட்டா பத்திரமா இருக்கும், ஆனா நெட் இல்லாத அன்னிக்கு பில்லு போட முடியாது, மழை நாள்ல மெழுகுவத்தியும் பிரெட்டும் வாங்க கூட்டம் நிக்கற நேரம் அது.

என்னோட கருத்து, கவுன்ட்டர் வியாபாரம் இருக்கறவங்க நெட் போனாலும் பில்லு போட்டு, வந்ததும் தானா சேந்துக்கற மாதிரி உள்ளதத்தான் பாக்கணும். டெமோ நடக்கும்போதே வைஃபைய ஆஃப் பண்ணுங்க, ரெண்டு பில்லு போடுங்க, திரும்ப ஆன் பண்ணி அந்த ரெண்டும் சேந்துதா, நம்பர் இடிக்குதான்னு பாருங்க. லோக்கல் சாஃப்ட்வேர்னா தினமும் ராத்திரி பேக்கப் கடைக்கு வெளிய ஒரு இடத்துக்கு போகணும், கல்லாலயே கிடக்கற பென்டிரைவ் கணக்குல வராது. வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு பேக்கப்ப எடுத்து வேற கம்ப்யூட்டர்ல திறந்து காட்ட சொல்லுங்க.

வெளிய வர்ற வழி

இத கேக்க சங்கடமா இருக்கும், வாங்கறப்பவே விட்டுப் போறத பத்தி பேசறதான்னு. கேட்டே ஆகணும். "நாளைக்கு நான் நிறுத்திட்டா என் டேட்டாவ எப்படி எடுப்பேன்?" சரக்கு, பார்ட்டி, பாக்கி, பழைய பில்லு எல்லாம் எக்ஸெல்ல முழுசா வருதா? வெறும் பிடிஎஃப் ரிப்போர்ட்ட காட்டி "இதோ வருதே"ன்னு சொல்வாங்க, பிடிஎஃப்ப வச்சு அடுத்த சாஃப்ட்வேர்ல ஏத்த முடியாது. டெமோல போட்ட அஞ்சு பில்லையும் அப்பவே எக்ஸெல்ல எடுத்து உங்க மெயிலுக்கு அனுப்ப சொல்லுங்க, ஆடிட்டர்கிட்ட காட்டி "இது உங்களுக்கு போதுமா"ன்னு கேளுங்க.

யார்கிட்ட விசாரிக்கறது

டீலர் குடுக்கற நம்பருக்கு போன் பண்ணா நல்லதுதான் சொல்வாங்க. உங்க தொழில்லயே, அந்த சாஃப்ட்வேர ரெண்டு வருஷமா வச்சிருக்கற கடைய நீங்களா தேடிப் பிடிங்க, முதலாளிய விட்டுட்டு பில்லு போடறவங்கள கேளுங்க. நான் எப்பவும் கேக்கறது ஒரே கேள்வி, 2025 செப்டம்பர் 22 அன்னிக்கு என்ன நடந்துச்சு? அன்னிக்குதான் ஒரே ராத்திரில ஜிஎஸ்டி 12%, 28% ஸ்லாப்ல இருந்த பெரும்பாலான சரக்கு 5க்கும் 18க்கும் மாறுச்சு. அப்டேட் முன்னாடியே வந்துதா, எல்லா சரக்கையும் மொத்தமா மாத்த முடிஞ்சுதா இல்ல ஒண்ணொண்ணா உக்காந்து மாத்துனாங்களா, பழைய தேதி பில்ல திறந்தா பழைய ரேட்டு அப்படியே நிக்குதா, அந்த வாரம் சப்போர்ட் போன எடுத்தாங்களா. இதுக்கு வர்ற பதில்ல அந்த கம்பெனியோட மொத்த லட்சணமும் தெரிஞ்சிடும்.

மாத்தற தேதி

ஆடிட்டருங்க ஏப்ரல் 1 சொல்வாங்க, புது வருஷம் புது பில்லு நம்பர்னு கணக்குக்கு அது சுலபம். ஆனா முந்திரிக்காரங்களுக்கு அப்பதான் சீசன், லாட்ஜ்காரங்களுக்கு கோடை லீவு கூட்டம் ஆரம்பிக்கற நேரம். உங்க வியாபாரம் எந்த மாசம் படுத்துக் கிடக்குமோ அந்த மாசம் ஒண்ணாம் தேதி மாத்துங்க, வருஷ நடுவுல மாத்துனா பில்லு நம்பருக்கு முன்னாடி வேற எழுத்த போட்டு தனி வரிசையா ஆரம்பிங்க, நம்பர் மொத்தம் 16 எழுத்துக்குள்ள இருக்கணும். முதல் மாசம் ஜிஎஸ்டிஆர்-1 ரிப்போர்ட்ட போர்ட்டல்ல ஏத்தறதுக்கு முன்னாடி பில்லு கட்டோட ஒரு தடவ கையால கூட்டிப் பாருங்க, ஐஜிஎஸ்டி மொத்தத்த மட்டுமாவது.

பழைய சாஃப்ட்வேர் இருக்கற கம்ப்யூட்டர எடைக்கு போட்டுடாதீங்க. ஜிஎஸ்டி கணக்க வருஷாந்திர ரிட்டர்னோட கடைசி தேதில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும், 2025-26 கணக்குன்னா 2032 டிசம்பர் 31 வரைக்கும். அந்த சாஃப்ட்வேர் லைசென்ஸ் முடிஞ்சாலும் பழசு திறக்குமான்னு அவங்கள கேட்டுக்கங்க, திறக்காதுன்னா லைசென்ஸ் இருக்கும்போதே எல்லா வருஷத்தையும் பிடிஎஃப்லயும் எக்ஸெல்லயும் எடுத்து ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு காப்பி, வீட்ல ஒரு காப்பி வச்சிடுங்க.